வெட்டாமல் பழமில்லை

1

இந்தக் கதையை எழுத வேண்டும் என்று எனக்கு எந்த ஆசையும் இருந்ததில்லை. நான் எழுத உட்கார்ந்தது ஒரு பட்டியல். நாளிதழ் ஒன்றின் ஞாயிறு இணைப்பிலிருந்து கூப்பிட்டு, 'இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து ஆடக்கூடிய நல்ல விளையாட்டுகள் பத்து' என்று கேட்டார்கள். "லேசா இருக்கட்டும் மேடம். புருஷன் பொண்டாட்டி சாயங்காலம் காபியோட உட்கார்ந்து ஆடற மாதிரி. கோபதாபம் எதுவும் வேண்டாம்" என்றார் உதவி ஆசிரியர். கோபதாபம் வேண்டாம் என்றால் விளையாட்டைப் பற்றி எதற்கு எழுதச் சொல்கிறீர்கள் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் ஒப்புக்கொண்டேன்.

முதல் வரி இப்படி வந்தது:

மழை பெய்யும் ஒரு மாலையில், மனதுக்குப் பிடித்தவரோடு—

அடித்துவிட்டேன். (திருச்சியில் மின்விசிறிக்கு அடியில் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்து மழை பெய்யும் மாலை என்று தொடங்க எனக்கே கூச்சமாக இருந்தது.) அடுத்தது:

இன்றைய பரபரப்பான வாழ்க்கையில் உறவுகளை வலுப்படுத்த—

இதையும் அடித்தேன். [வலுப்படுத்துவது சிமென்ட் விற்பவர்களின் வேலை.] மூன்றாவது வரி வரவே இல்லை. ஆகவே எனக்குத் தெரிந்த ஒரே நிஜமான ஆட்டக்காரிக்குப் போன் செய்தேன்.

அவள் பெயர் ரஞ்சனி. தென்னூரில் நான் வேலை பார்க்கும் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேஜை. வீடு ஸ்ரீரங்கத்தில், அடையவளஞ்சான் வீதியில் ஒரு மாடி போர்ஷன். மார்பில் கட்டி என்று கண்டுபிடித்து, அறுவை சிகிச்சை, அதன்பின் மருந்து, அதன்பின் கதிர்வீச்சு என்று எல்லாம் முடிந்து, விடுப்பில் வீட்டோடு இருக்கிறாள். தலையில் முடி மறுபடி முளைத்துக்கொண்டிருக்கிறது.

"ரெண்டு பேர் ஆடறதுக்கு எந்த ஆட்டம் நல்லா இருக்கும், சொல்லேன்" என்றேன்.

"ஆட்டம் கிடக்கட்டும். முதல்ல எதிர்ல ஒருத்தர் இருக்காங்களான்னு கேளு" என்றாள் ரஞ்சனி. "இருந்தா அப்புறம் ஆட்டத்தைச் சொல்லலாம்."

அதன்பின் அவள் பேசியதுதான் இந்தக் கதை. எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டேன். "எழுது. ஆனா என்னைப் பாவம்னு எழுதினா ஆபீஸ் வந்தப்புறம் உன்கூட டிபன் சாப்பிட மாட்டேன்" என்றாள். பெயரை மாற்றட்டுமா என்றதற்கு, எதற்கு, நான் என்ன திருடினேனா என்று கேட்டாள்.

2

தில்லைநகர்ப் பக்கம் ஒரு கடையில் வெளிநாட்டுப் பலகை விளையாட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். பட்டியலுக்காகப் போய்ப் பார்த்தேன். பெட்டியின் ஓரத்தில் 'இரண்டு முதல் நான்கு பேர் வரை' என்று போட்டிருக்கும். அந்த 'இரண்டு' இருக்கிறதே, அது சுத்தப் பொய். நான்கு பேருக்காகச் செய்த ஆட்டத்தை இரண்டு பேர் உள்ள வீட்டிலும் தள்ளிவிடுவதற்காகப் போட்ட எண் அது. பிரித்துப் பார்த்தால் விதிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது: இருவர் மட்டும் ஆடும்போது மூன்றாவதாக ஒருவர் இருப்பதாக வைத்துக்கொண்டு அவருக்கும் சீட்டுப் போடவும்.

இல்லாத ஆளுக்குச் சீட்டு. அவன் முறை வந்தால் நாமே அவனுக்காகக் காய் நகர்த்த வேண்டும். அவன் நம் வழியை மறிப்பான், நம் இடத்தைப் பிடிப்பான், ஆனால் அவனைத் திட்ட முடியாது. இப்படி ஒரு கேவலத்தைப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள் என்று நான் ரஞ்சனியிடம் பொங்கியபோது, அவள் என்னோடு சேர்ந்து சிரிக்கவில்லை.

"எங்க வீட்ல ஒரு வருஷமா அப்படித்தான் நடக்குது" என்றாள். "யாரும் என்கூட ஆடறதில்லை. என் வியாதியோட ஆடறாங்க. நான் சும்மா கூட உட்கார்ந்திருக்கேன்."

நான்கு பேர் ஆட்டத்தில் ஒருவர் தோற்றால், யாரால் தோற்றோம் என்று சரியாகத் தெரியாது. பழியைப் பிரித்துக்கொள்ள ஆள் இருக்கும். இரண்டு பேர் ஆட்டத்தில் ஒளிந்துகொள்ள மூன்றாவது முதுகு கிடையாது. எதிரே ஒரு முகம், நடுவே ஒரு பலகை, அவ்வளவுதான். அதனால்தான் அது பெரிய விஷயம் என்று நான் நினைக்கிறேன். உதவி ஆசிரியர் இந்தப் பத்தியை வெட்டிவிடுவார், தெரியும்.

3

எதிரே இருந்த முகத்தின் பெயர் பெலிண்டா. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை. குடியிருப்பும் அங்கேயே, குவார்ட்டர்ஸில். பல வருடங்களுக்கு முன், அலுவலகங்களுக்கு இடையிலான பெண்கள் கேரம் போட்டியில் ரஞ்சனியைக் கடைசி ஆட்டத்தில் தோற்கடித்தவள். ஜெயித்தவளுக்கு ஒரு டிபன் கேரியரும் தோற்றவளுக்கு ஒரு பூப்போட்ட தட்டும் கொடுத்தார்கள்.

அந்தத் தட்டை ரஞ்சனியால் வீட்டில் வைத்திருக்க முடியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து ஜங்ஷன் வந்து, அங்கிருந்து ஆட்டோ பிடித்து, பொன்மலையில் விசாரித்துக்கொண்டு போய், அப்போதுதான் பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து திரும்பியிருந்த பெலிண்டாவின் கதவைத் தட்டினாள்.

"அன்னைக்கு போர்டுல பவுடர் ஜாஸ்தி. மறுபடி ஆடணும்" என்றாள்.

பெலிண்டா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "தோக்கறதுக்கா இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தீங்க? உள்ள வாங்க. காபி குடிச்சிட்டே தோத்துட்டுப் போங்க."

அன்று ரஞ்சனி தோற்றாள். அடுத்த வாரம் ஜெயித்தாள். 'வாங்க' 'போங்க' எப்போது 'வாடி' 'போடி' ஆனது என்று இருவருக்குமே ஞாபகமில்லை. கல்யாணம், பிள்ளைகள், மாற்றல் பயமுறுத்தல்கள் எல்லாவற்றுக்கும் நடுவே ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடாமல் போகாது. ஒருத்தி தோற்றால் அடுத்த ஞாயிறு வரை அந்தத் தோல்வியை இன்னொருத்தி ஆறவிட மாட்டாள். போன் செய்து நினைவூட்டுவாள். ரஞ்சனியின் கணவர் மாதவன் ஒருமுறை, நானும் சேர்ந்துக்கட்டுமா என்று கேட்டு, இரண்டு பேரும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்த பார்வையில் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார்.

[இங்கே 'அது ஒரு தூய்மையான நட்பு' என்று ஒரு வாக்கியம் இருந்தது. எடுத்துவிட்டேன். தூய்மை எல்லாம் இல்லை. பெலிண்டா ஸ்ட்ரைக்கரைக் கோட்டுக்கு வெளியே வைப்பாள், ரஞ்சனி கவனிக்காத மாதிரி இருந்து கடைசியில் சொல்வாள்.]

4

சிகிச்சைக் காலத்தில் பெலிண்டா என்ன செய்தாள் என்று ரஞ்சனி நீளமாகச் சொன்னாள். லீவு போட்டு ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்திருந்தது, வாந்தி எடுத்தால் கிண்ணம் பிடித்தது, உதிர்ந்த முடியைத் தலையணையிலிருந்து சத்தமில்லாமல் பொறுக்கியது. "இதெல்லாம் எழுதினா அவளைத் தெய்வமாக்கிடுவ. அப்புறம் நான் அவமேல கோவப்பட முடியாது. எழுதாதே" என்றாள். மூன்றை எழுதிவிட்டேன். மற்றதை விட்டுவிட்டேன்.

மறுபடி ஆட ஆரம்பித்தபோது ரஞ்சனியால் பொன்மலை போக முடியவில்லை. பெலிண்டாவே ஸ்கூட்டரில் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் வந்தாள். கூடத்தில் கேரம் பலகையைப் போட்டார்கள். ரஞ்சனி ஜெயித்தாள். மாதவன் லட்டு வாங்கி வந்தார். அடுத்த வாரமும் ஜெயித்தாள். அதற்கடுத்த வாரமும். ஜெயிப்பது அவ்வளவு சுகம் என்பதால் சந்தேகப்பட அவளுக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

பிறகு ஒரு நாள் சிவப்புக் காய் பாக்கெட்டின் வாயில் நின்றது. மூச்சு விட்டால் விழுந்துவிடும். பெலிண்டாவின் முறை. அவள் ஸ்ட்ரைக்கரை வைத்தாள், குனிந்தாள், சுண்டினாள், தவறவிட்டாள்.

"கை நடுங்குதுடி" என்றாள் பெலிண்டா.

ரயில் சக்கரத்தில் மயிரிழை வித்தியாசம் இருந்தால் தொட்டே சொல்லிவிடும் கை அது. ரஞ்சனி சிவப்பைப் போட்டாள். ஜெயித்தாள். லட்டைத் தொடவில்லை.

அன்றிலிருந்துதான் அவளுக்குச் சுற்றிலும் எல்லாம் தெரிய ஆரம்பித்தது. மாதவன் இப்போதெல்லாம் எதற்கும் சண்டைக்கு வருவதில்லை. டிவியில் என்ன பார்ப்பது என்பதற்குக்கூட, உனக்கு எது வேணுமோ அது, என்கிறார். நாத்தனார் போன் செய்தால் ரஞ்சனி சொல்வதற்கெல்லாம் ஆமா ஆமா என்கிறாள். முன்பு ஒரு விஷயத்துக்கு ஆமா சொல்ல வைக்க ஒரு தீபாவளி போய் இன்னொரு தீபாவளி வர வேண்டும். கீரைக்காரம்மா முற்றாத கட்டாகப் பார்த்துத் தானே எடுத்துக் கொடுக்கிறாள். ஊரே சேர்ந்து அவளை ஜெயிக்கவைத்துக்கொண்டிருந்தது. ரஞ்சனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விட்டுக்கொடுப்பது நல்ல குணம் என்று நமக்கு யாரோ தவறாகச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். கேட்காத ஒருவருக்கு விட்டுக்கொடுப்பது, நீ கணக்கில் இல்லை என்று மரியாதையாகச் சொல்வது. இது என் கருத்து. ரஞ்சனியின் வார்த்தைகள் இதைவிட மோசமாக இருந்தன, அச்சில் போட முடியாது.

5

சரி, பட்டியல். பத்து கேட்டார்கள். ரஞ்சனி எனக்குக் கொடுத்தது ஒரே ஒரு அளவுகோல்: மாட்டிக்கொள்ளாமல் விட்டுக்கொடுக்க முடியுமா? முடியும் என்றால் அது இரண்டு பேர் ஆட்டமில்லை.

பரமபதம். இதில் விட்டுக்கொடுக்கவே முடியாது, ஏனென்றால் ஆடவே முடியாது. ஏணியும் பாம்பும் பார்த்துக்கொள்ளும். பேச்சுவார்த்தை இல்லாத தம்பதிகளுக்குச் சிபாரிசு செய்கிறேன்.

பல்லாங்குழி. பிறந்ததிலிருந்தே இருவர் ஆட்டம், அழகான ஆட்டம். ஆனால் எந்தக் குழியில் தொடங்குவது என்பதில் வேண்டுமென்றே தப்புச் செய்தால் கண்டுபிடிக்க, எதிரே இருப்பவரும் முழுக்கணக்கையும் மனதில் போட வேண்டும். ரஞ்சனி போடுவாள். நீங்கள் போடுவீர்களா?

செஸ். 'அடடா, கவனிக்கலையே' என்ற பொய்யைச் சொல்வதற்காகவே கண்டுபிடித்தது.*

கேரம். இருப்பதிலேயே ஆபத்தானது. மேலே பார்த்தீர்கள்.

* செஸ் ஆடுபவர்கள் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். எழுதினாலும் நான் மாறப்போவதில்லை.

ஆடு புலி ஆட்டம். இதைத்தான் ரஞ்சனி தேர்ந்தெடுத்தாள். ஒருவருக்கு மூன்று புலி, இன்னொருவருக்கு ஒரு மந்தை ஆடு. புலி ஆட்டைத் தாண்டிக் குதித்தால் ஆடு போயிற்று. ஆடுகள் சுற்றி நின்று புலியை அசைய விடாமல் அடைத்தால் புலி தோற்றது. ஆடு வைத்திருப்பவர் விட்டுக்கொடுத்தால் முட்டாள்தனம் என்று சொல்லித் தப்பிக்கலாம். புலிக்கு அந்த வசதி கிடையாது. பக்கத்தில் ஆடு, அதற்குப் பின்னால் காலி இடம்: குதிக்காத புலி ஊருக்கே தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெலிண்டா வருவதற்குள் ரஞ்சனி கூடத்து டைல்ஸில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தாள். புளியங்கொட்டை ஆடு, சோடா பாட்டில் மூடி புலி.

"இன்னைக்கு கேரம் இல்லையா?" என்றாள் பெலிண்டா.

"இல்லை. நீதான் புலி. உட்காரு."

ரஞ்சனி ஆடுகளை வைத்தாள். நாலைந்து நகர்த்தல் கழித்து ஒரு ஆட்டைப் புலியின் மூக்குக்கு நேராகத் தனியாக விட்டாள். பெலிண்டா வேறொரு புலியை நகர்த்தினாள். ரஞ்சனி இன்னொரு ஆட்டையும் திறந்து வைத்தாள். பெலிண்டா புலியைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"பெலிண்டா, அந்த ஆட்டைப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"பின்னாடி காலி."

"ஆமா."

"புலி என்ன ஏகாதசி விரதமா?"

பெலிண்டா ஒரு சோடா மூடியைக் கையில் எடுத்துக்கொண்டாள். உள்ளே மாதவன் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

6

பெலிண்டாவைப் பற்றி எனக்குச் சந்தேகம் வந்தது இந்த இடத்தில்தான். நான் முதலில் இப்படி எழுதினேன்:

பெலிண்டாவின் கண்கள் கலங்கின. "உன்னைப் பார்க்கப் பாவமா இருந்ததுடி" என்று அவள் ரஞ்சனியின் கைகளை—

படித்துக் காட்டினேன். ரஞ்சனி போனிலேயே பல்லைக் கடித்தாள். "அவ அழலை. அழுதிருந்தா நான் அடிச்சிருப்பேன். அவளுக்குக் கோவம் வந்துது. அதை எழுது."

கோபமா, அவளுக்கு எதற்கு?

நடந்தது இதுதான். "என்னைச் செத்தவ லிஸ்ட்ல சேர்த்துட்டியா? அதான் ஜெயிச்சிட்டுப் போகட்டும்னு விடறியா?" என்று ரஞ்சனி கேட்டாள். பெலிண்டா சோடா மூடியைக் கீழே போட்டாள்.

"வாயை மூடுடி. உனக்காகன்னு யார் சொன்னா? நேர்ச்சை அது."

"என்ன நேர்ச்சை?"

"ஆபரேஷனுக்கு உன்னை உள்ள கொண்டு போனாங்கல்ல. நான் வெளிய உட்கார்ந்து மாதாகிட்ட நேர்ந்துக்கிட்டேன். எதையாவது விடணும். எல்லாரும் கறி மீனை விடுவாங்க. எனக்கு அது ஒரு பெரிய விஷயமா தெரியலை. எனக்கு இந்த உலகத்துல ரொம்பப் பிடிச்சது எதுன்னு யோசிச்சுப் பார்த்தேன். உன்னைத் தோக்கடிக்கிறதுதான். அதை விட்டேன். நீ முழுசா சரியாயிட்டேன்னு டாக்டர் சொல்ற வரைக்கும் உன்னை ஜெயிக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். சொன்னா சொன்னதுதான்."

இதைக் கேட்டதும் நான் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, பட்டியல் காகிதத்தின் ஓரத்தில் 'நேர்ச்சை' என்று எழுதினேன். ஒருத்தி இன்னொருத்திக்காக மொட்டை போடுவாள், செருப்பில்லாமல் நடப்பாள், மண்சோறு சாப்பிடுவாள். ஜெயிப்பதை நேர்ந்துகொண்டவளை நான் கேள்விப்பட்டதில்லை. கதை இங்கேயே முடிந்துவிட்டது, ஞாயிறு இணைப்புக்கு அருமையாக இருக்கும் என்று நினைத்தேன்.

"உருகிட்டியா?" என்றாள் ரஞ்சனி. "நான் உருகலை. எனக்கு அப்பத்தான் நெஜமாவே கோவம் வந்துது."

7

ரஞ்சனியின் வாதத்தை அப்படியே தருகிறேன். இதில் ஒரு சொல்லையும் மாற்றக்கூடாது என்று கட்டளை.

"உன் ஜெயிப்பை நீ விட்டுக்கோ, அது உன்னோடது. ஆனா அதுக்குள்ள பாதி என்னோட தோல்வி இருக்குல்ல? அதை நேர்ந்துக்க நீ யாரு? என்னைக் கேட்டியா? என் பொருளைத் தூக்கிட்டுப் போய் உன் கோயில்ல வெச்சிட்டு வந்திருக்க. சரி, அதோட போச்சா? இத்தனை நாளா நான் ஜெயிச்சேனே, அதெல்லாம் என்னது? மருந்து ஏறி நாக்குல ருசியே இல்லாம கிடந்தப்போ, ஞாயித்துக்கிழமை ஜெயிச்சோமேன்னு நினைச்சு எழுந்து பல் தேச்சிருக்கேன். அதையும் சேர்த்துப் பொய்யாக்கிட்ட."

"நீ உயிரோட இருக்கல்ல?" என்றாள் பெலிண்டா.

"இருக்கேன். அதான் கோவம் வருது."

"கடைசி டெஸ்ட் ரிப்போர்ட் வரட்டும். வந்தப்புறம் உன்னை நார் நாரா கிழிக்கிறேன். அதுவரைக்கும் மாட்டேன்."

"நான் தாயார் சன்னதிக்குப் போய் நானும் ஜெயிக்க மாட்டேன்னு நேர்ந்துக்கறேன். அப்புறம் எந்த ஆட்டம் எப்படி முடியுதுன்னு பார்ப்போம். உன் மாதாவும் என் தாயாரும் பேசி முடிவு பண்ணிக்கட்டும்."

பெலிண்டா ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். மாதவன் வாசல் வரை போய், "காபி ஆறிடப்போகுதுங்க" என்று மட்டும் சொன்னார். அதற்கு அடுத்த ஞாயிறு பெலிண்டா வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை.

எனக்கு யார் பக்கம் நிற்பது என்று தெரியவில்லை. ரஞ்சனி சொல்வது நியாயம். ஆனால் பெலிண்டா பயப்படுகிறாள், அதுவும் நியாயம். நேர்ச்சையை முறித்து, ரிப்போர்ட் வேறுமாதிரி வந்துவிட்டால்? மருத்துவத்துக்கும் கேரம் பலகைக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். வராண்டாவில் உட்கார்ந்திருந்தது நீங்கள் இல்லை.

8

கடைசி பரிசோதனையின் ரிப்போர்ட் ஒரு செவ்வாய்க்கிழமை வருவதாக இருந்தது. அதற்கு முந்தைய வெள்ளியன்று ரஞ்சனி பெலிண்டாவுக்குப் போன் செய்தாள். ஹலோ கூடச் சொல்லவில்லை.

"ஞாயித்துக்கிழமை வா. உன் பித்தளைத் தாயக்கட்டையை எடுத்துட்டு வா. ரிப்போர்ட்டுக்கு முன்னாடி ஒரு ஆட்டம் ஆடணும்."

"ரிப்போர்ட் வந்தப்புறம் ஆடலாம்டி."

"வந்தப்புறம் நீ வெட்டினா அது எனக்கு எதுக்கு? நல்ல ரிப்போர்ட் வந்தவளை யார் வேணா தோக்கடிப்பாங்க. தெரியாதப்பவே ஆடணும். வரியா இல்லையா?"

தாயம் அவள் ஏன் கேட்டாள் என்பதற்கு ஒரு விதி காரணம். தாயத்தில் காய் வெளிச்சுற்றைச் சுற்றி வந்து, உள்ளே போய், நடுவில் பழம் ஆக வேண்டும். ஆனால் எதிராளியின் காயை ஒருமுறையாவது வெட்டினால்தான் உள்ளே போகலாம். வெட்டாதவர் காய் வாசலைத் தாண்டி மறுபடி வெளியிலேயே சுற்ற வேண்டும். நாலு பேர் ஆடினால் யாரையாவது வெட்டிக்கொள்ளலாம். இரண்டு பேர் ஆடினால் வெட்டுவதற்கு ஒரே ஒருத்திதான் இருக்கிறாள். பட்டியலில் முதலிடம் இதற்குத்தான்.

பெலிண்டா வந்தாள். கட்டையையும் கொண்டுவந்தாள். மாதவன் காபி வைத்துவிட்டு நகர்ந்தார்.

ரஞ்சனி சீக்கிரமே பெலிண்டாவின் ஒரு காயை வெட்டினாள், இரக்கமே இல்லாமல். அவள் காய்கள் ஒவ்வொன்றாக உள்ளே போய்ப் பழமாயின. பெலிண்டாவின் காய்கள் வெளியே சுற்றின. வெட்ட வாய்ப்பு வந்தபோதெல்லாம் பெலிண்டாவின் விரல் வேறு காய்க்குப் போனது. காய்கள் சுற்று முடிந்து வாசலில் நின்று, மறுபடி சுற்றத் தொடங்கின. நடு வீட்டில் உட்கார்ந்து ஒரு பெண் தன் காய்களை வைத்துப் பிரதட்சிணம் செய்துகொண்டிருந்தாள்.

கடைசியாக ரஞ்சனிக்கு ஒரே ஒரு காய் மிச்சம். வந்த எண்ணுக்கு அது வெட்ட முடியாத பாதுகாப்புக் கட்டத்தில், மலை என்பார்கள், அதில் போய் நின்றது. அடுத்த முறை சின்ன எண்தான் விழுந்தது. நகர்த்த வேறு காய் இல்லை. நகர்த்தாமல் விடலாம், அவர்கள் வழக்கத்தில் அது உண்டு. ரஞ்சனி விடவில்லை. காயை மலையிலிருந்து எடுத்து வெட்டவெளியில் வைத்தாள், பெலிண்டாவின் காய்க்கு நேர் எதிரே, நாலு கட்டம் தள்ளி.

"இதை ஏன் இறக்கின?" என்றாள் பெலிண்டா. அன்று அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"என் காய். என் இஷ்டம். நீ உருட்டு."

பெலிண்டா கட்டைகளை உள்ளங்கையில் தேய்த்தாள். உருட்டினாள். ஒன்றில் மூன்று, இன்னொன்றில் ஒன்று. நாலு.

9

இதற்கு மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதல் முடிவு. பெலிண்டா வெட்டினாள். ரஞ்சனி வாய்விட்டுச் சிரித்தாள். இருவரும்—

ரஞ்சனி கேட்டுவிட்டு, "சினிமா" என்றாள்.

இரண்டாவது முடிவு. பெலிண்டா வேறு காயை நகர்த்தினாள். ரஞ்சனி பலகையைக் கவிழ்த்துவிட்டு—

"நான் பலகையைக் கவுக்கற ஆளா? பதினெட்டு வருஷமா அவகிட்ட தோத்திருக்கேன், ஒரு தடவை கவுத்திருக்கேனா?"

மூன்றாவது முடிவில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. பெலிண்டாவின் கை பலகைக்கு மேலே நிற்கிறது, அப்போது போன் அடிக்கிறது, ரிப்போர்ட் முன்கூட்டியே வந்துவிட்டது, எல்லாம் சரியாகிவிட்டது, நேர்ச்சை நிறைவேறிவிட்டது, பெலிண்டா கண்ணீரோடு வெட்டுகிறாள். யாருக்கும் நஷ்டமில்லை. படித்துக் காட்டினேன்.

"ரஞ்சனி?"

"ஞாயித்துக்கிழமை எந்த லேப் திறந்திருக்கு?" என்றாள். பிறகு, குரலே மாறி, "நீயும் ஆரம்பிச்சிட்டியா?" என்றாள்.

"என்னத்தை?"

"விட்டுக்குடுக்கறதை. எனக்கு நல்ல ரிப்போர்ட் குடுத்துட்ட, அவளுக்கு நேர்ச்சையைக் காப்பாத்திக் குடுத்துட்ட, படிக்கிறவங்களுக்கு நிம்மதியாத் தூங்கக் குடுத்துட்ட. எல்லாரையும் ஜெயிக்க வெச்சிட்ட. நீ எதுக்குக் கதை எழுதற? லட்டு வாங்கிக் குடுத்துட்டுப் போயேன்."

எனக்கு முகம் சிவந்தது. அப்புறம் கோபம் வந்தது. சரி, நிஜமாகவே அவள் என்னதான் செய்தாள், சொல், அதையே எழுதிவிடுகிறேன் என்றேன்.

"சொல்ல மாட்டேன்."

"ரிப்போர்ட்?"

"அதையும் சொல்ல மாட்டேன். சொன்னா அதை வெச்சுக் கணக்குப் பண்ணுவ. அவ தெரியாமத்தான் கையைத் தூக்கினா. நீயும் தெரியாமலே எழுது."

போனை வைத்துவிட்டாள். [அவள் குரலிலிருந்து ஏதாவது கண்டுபிடிக்க முடிகிறதா என்று பலமுறை யோசித்துப் பார்த்தேன். அவள் கேரம் ஆடும்போதும் முகத்தில் எதுவும் தெரியாது.] நடுவில் உதவி ஆசிரியர் கூப்பிட்டார். பத்தில் எத்தனை ஆயிற்று என்றார். ஒன்று என்றேன். படத்துக்கு ஒரு ஜோடியை நிற்க வைத்து எடுத்தாகிவிட்டது, காபிக் கோப்பையோடு சிரிக்கிறார்கள், அதற்குப் பொருத்தமாக ஏதாவது அனுப்புங்கள் என்றார். இதைத்தான் அனுப்பப்போகிறேன். போடாவிட்டால் போகட்டும்.

10

நான் முடிக்கப்போவதில்லை. சோம்பேறித்தனம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். நான் எந்தப் பக்கம் நகர்த்தினாலும் யாரோ ஒருத்திக்கு விட்டுக்கொடுத்ததாகிவிடும், அதை ரஞ்சனி கண்டுபிடித்துவிடுவாள். கதையும் இரண்டு பேர் ஆட்டம்தான். எழுதுகிறவள் ஒருத்தி, படிக்கிறவர் ஒருவர். மூன்றாவது முதுகு இல்லை. இவ்வளவு நேரம் நான் உருட்டினேன். இனி உங்கள் முறை, பெலிண்டாவின் இடத்தில்.

நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை, வெயில் தாழ்ந்த நேரம். கூடத்தில் மின்விசிறி ஓடுகிறது. மாதவன் சமையலறை வாசலில் நிற்கிறார், வாயைத் திறக்க மாட்டார். கட்டையில் நாலு விழுந்திருக்கிறது. ரஞ்சனியின் கடைசிக் காய் வெட்டவெளியில் நிற்கிறது. நாலு கட்டம் பின்னால் உங்கள் காய். அதை எடுத்து வைத்தால் வெட்டு. முதல்முறையாக உங்களுக்கு உள்ளே போக வழி திறக்கும். மாதாவுக்குச் சொன்ன வார்த்தை உடையும். பலகையின் மறுபக்கம் உங்கள் இன்னொரு காய் இருக்கிறது. அதையும் நாலு கட்டம் நகர்த்தலாம். ஒன்றும் ஆகாது. அடுத்த உருட்டில் எண் சரியாக விழுந்தால் ரஞ்சனி ஜெயித்துவிடுவாள்.

செவ்வாய்க்கிழமை என்ன வரும் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரிந்தவளும் சொல்லப்போவதில்லை.

கவனிக்கவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்கள் கை பலகைக்கு மேலே இருக்கிறது. எந்தக் காயைத் தொடுகிறீர்கள் என்று ரஞ்சனி பார்த்துக்கொண்டிருக்கிறாள்.